மரத்தில் வாழும் பெரணி வீட்டுத் தொட்டியில்

அந்தமான் காடுகளில் உயர்ந்த மரங்களின் கவைகளிலே பெரிய பறவைக்கூடு போலத் தோன்றும் பசுஞ்செடியொன்றை நேயர்களுள் பலர் கண்டிருப்பீர்கள். பறவைக்கூட்டுப் பெரணி என்பது அதன் பெயர். தாவர நூலார் ‘அஸ்பிளீனியம் நைடஸ்’ என்பர். அதன் இளங்கன்று சிறு தொட்டியில் அடங்கி, நேர்வெயில் படாத தாழ்வாரத்திற்கு அழகு தருவது. ஆயினும், அன்போடு பேணிய கன்றே அழுகிப்போவதும் உண்டு.

அந்த அன்பே பெரும்பாலும் கேடாக முடிகிறது. இப்பெரணி மரத்தை உறிஞ்சி வாழும் புல்லுருவி அன்று. மேலிருந்து உதிரும் சருகுகளைத் தன் இலைக்கூட்டில் ஏந்தி, அவை மக்கி உண்டாகும் எருவையும் மழைநீரையும் கொண்டே வளர்வது. அதன் வேர்கள் நீரோடு காற்றையும் நாடுவன. அத்தகைய செடியைக் களிமண்ணில் இறுக நட்டு, நாள்தோறும் நீர் ஊற்றினால் வேர் அழுகாமல் என்செய்யும்?

ஆதலின், தேங்காய் மட்டைத் துண்டு இரு பங்கும், மக்கிய இலையெரு ஒரு பங்கும், சிறிது கரித்துண்டும் கலந்து நடுக. மட்டையை முன்னரே இரண்டு மூன்று முறை நன்னீரில் ஊறவைத்து, உப்பும் கறையும் போக்கிக்கொள்ளல் நலம். தொட்டியின் அடியில் துளை வேண்டும். தட்டில் நீர் தேங்கினால் செடிக்குக் கேடு, கொசுவுக்கோ கொண்டாட்டம்! நீரைத் தொட்டியின் ஓரத்தில் ஊற்றுக, நடுக்கூட்டில் ஊற்றற்க. காட்டிலே காற்று அதனை உலர்த்திவிடும். அறைக்குள் அது நிகழாது.

ஆண்டிற்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெறும் இத்தீவுகளில், மே முதல் டிசம்பர் வரை மேல்மட்டை உலர்ந்ததைத் தொட்டறிந்து நீர் விட்டால் போதும். ஜனவரி முதல் ஏப்ரல் வரையே சோதனைக் காலம். அப்போது குடிநீருக்கே முட்டுப்பாடு நேர்வதுண்டு. காய்கறி கழுவிய நீர் இதற்குத் தாராளமாகப் போதும். கடலோரக் கிணற்றின் உவர்நீர் மட்டும் ஆகாது. இலை நுனி கருகிவிடும்.

முதிர்ந்த இலையின் அடிப்புறத்தில் பழுப்புக் கோடுகள் வரிசையாகத் தோன்றக் கண்டு, நோயென்று அஞ்சி இலையை அறுப்போர் உளர். அவை வித்துத்தூள் பைகளே. பூவும் விதையும் இல்லாத பெரணியினம் அத்தூளாலேயே பெருகுகிறது.

கன்று வேண்டிக் காட்டு மரத்திலிருந்து கூட்டைப் பெயர்த்தல் தகாது. அதனை உறைவிடமாகக் கொண்ட தவளைகளும் பூச்சிகளும் வீடிழக்கும். முதிர்ந்த இலையொன்றைத் தாளின்மேல் இரண்டொரு நாள் கிடத்தினால் தூள் உதிரும். கொதித்தாறிய நீரில் நனைத்த செங்கல்லின்மேல் அதனைத் தூவி, கண்ணாடியால் மூடி, நிழலில் வைக்க. சில வாரங்களில் பாசி போன்ற பச்சைப் படலம் படரும். அழுக்கென்று அதனைக் கழுவிவிடுதல் கூடாது. அதிலிருந்துதான், மேலும் பல வாரங்கள் கழித்து, முதல் இலை எழும்.