பல் ஆடினால் வயதா காரணம்?

செஞ்சிப் பக்கம் பல் துலக்கும்போது எச்சிலில் ரத்தம் கண்டால், 'உடம்புச் சூடு' என்று மோர் குடிப்பவர்கள் உண்டு. ஐம்பதைத் தாண்டிப் பல் ஆடினாலோ, 'வயசாச்சு இல்ல' என்று விட்டுவிடுவார்கள். இரண்டு கணக்குமே தப்பு.

வயதின் மேல் போடும் பழி செல்லாது என்பதற்குச் சாட்சி, இலங்கையின் தமிழ்த் தேயிலைத் தொழிலாளர்கள். நார்வேக்காரரான ஹரால்ட் லோவின் குழு, 1970 முதல் 15 ஆண்டுகள் 480 ஆண்களின் ஈறுகளைத் தொடர்ந்து அளந்தது. பல் துலக்கும் பழக்கமோ பல் வைத்தியமோ அறியாதவர்கள். எல்லோருக்கும் ஈறு வீங்கியிருந்தது. ஆனால் 8 சதவீதத்தினர் 35 வயதிலேயே 12 பற்களை இழந்து, 45இல் பொக்கை வாயானார்கள். 81 சதவீதத்தினருக்கு அந்த வயதில் சராசரியாக 7 பற்கள் போயின. மீதி 11 சதவீதத்தினர் ஏறக்குறைய எதையும் இழக்கவில்லை! வைத்தியமே இல்லாவிட்டால் நோய் எப்படிப் போகும் என்று பார்ப்பதுதான் ஆய்வின் நோக்கம். இன்று படிக்கையில் அது உறுத்துகிறது.

ஒன்றும் செய்யாமலே பல் உறுதியாக இருக்கும் ஒரு தாத்தா எல்லா ஊரிலும் இருப்பார். அவர் அந்த 11 சதவீதம். அவரை நம்பி நாம் இருக்க முடியாது.

உண்மைக் காரணம் பல்லில் படியும் கிருமிப் படலம். துலக்கினால் அது போய்விடும். விட்டால், எச்சிலின் சுண்ணாம்புச் சத்து ஏறி, செஞ்சிக் கோட்டையின் கல்யாண மகால் சுவரில் பூசிய காரை போல இறுகும். ஈறு சிவந்து, தொட்டால் ரத்தம் கசியும். இந்தக் கட்டம் வரை முழுதாகச் சரியாகும். தாண்டினால் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே பை விழுந்து, தாடை எலும்பு கரையும். கரைந்தது தானாக வளராது. வலி பெரும்பாலும் இருக்காது, அதுதான் வம்பு. பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு ரத்தம்கூடச் சரியாகக் காட்டாது. சர்க்கரை நோய் ஈறைக் கெடுக்கும். கெட்ட ஈறு சர்க்கரையை ஏற்றும்.

மருத்துவர் மெல்லிய அளவுக் கம்பியால் பையின் ஆழம் பார்ப்பார். 3 மில்லிமீட்டர் வரை இயல்பு. காரையைச் சுரண்டி எடுப்பது முதல் வைத்தியம். ஆழம் குறையாவிட்டால் ஈறைத் திறந்து சுத்தம் செய்வார்கள். 'க்ளீன் பண்ணா பல் ஆடும்' என்ற பயம் வேண்டாம். காரை அடைத்திருந்த சந்து வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

ரத்தம் வருகிறதே என்று துலக்காமல் விடாதீர்கள். மெத்தென்ற பிரஷால் அங்கேயும் துலக்குங்கள். இரண்டு வாரத்தில் நிற்காவிட்டால் பல் மருத்துவரிடம் போங்கள். செஞ்சிக்காரர்களுக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.