எத்தனை பேர் என்பதோடு நிற்காத கணக்கு

கருத்தடை ஊசியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட்டுக்கொள்ள வேண்டும். இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு, கிளினிக் நாள் வேலைநாளில் வந்தால் அன்றைய ‘பேர்’, அதாவது நாட்கூலி, போய்விடும். கிளினிக்குக்கும் அவளுக்கும் இடையிலான இந்தத் தூரம் கிலோமீட்டர்க் கணக்கில் அகப்படாது.

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2016 ஆய்வின்படி, இலங்கையில் 15 முதல் 49 வயது வரையான திருமணமான பெண்களில் ஏறத்தாழ 65 சதவீதத்தினர் ஏதாவதொரு கருத்தடை முறையைக் கையாண்டனர். தோட்டப்புறத்தை அந்த ஆய்வு தனிப் பிரிவாகவே பார்க்கிறது. பிள்ளை வேண்டாம் அல்லது பிந்திப் பெறலாம் என்று நினைத்தும் எந்த முறையையும் கையாளாதவர்களை ‘நிறைவேறாத தேவை’ உள்ளவர்கள் என்று கணக்கிடுகிறார்கள்.

ஆனால் தோட்டங்களில் நீண்டகாலமாக முன்னிற்பது பெண்களுக்கான நிரந்தரக் கருத்தடைச் சத்திரசிகிச்சை. செய்துகொண்டவர் எண்ணிக்கை கூடினால் சேவை கிடைத்ததாகப் பதிவாகும். தெரிவு கிடைத்ததா என்பது வேறு கேள்வி. வேறு முறைகளைச் சொன்னார்களா, பக்கவிளைவுகளை விளக்கினார்களா என்று கேட்டு அதையும் அளக்கும் சுட்டி உலகளவில் இருக்கிறது.

தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான லயன்களுக்கு ஒவ்வொன்றாகப் போய்க் குடும்பப் பதிவேட்டை நிரப்பும் குடும்பநல உத்தியோகத்தரே சேவைக் கணக்கின் அடித்தளம். அவர் தமிழில் பேசி விளக்கினாரா என்பதும் அந்தப் பதிவேட்டில் ஏற வேண்டும்.