டிஸ்க்குக்குச் சாப்பாடு எங்கிருந்து வருகிறது?

இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே கிடக்கும் டிஸ்க், வளர்ந்த மனித உடலில் ரத்த ஓட்டம் இல்லாத பகுதிகளில் ஆகப் பெரியது. ரத்தக் குழாய் எட்டிப் பார்க்காவிட்டாலும் அதன் செல்களுக்குப் பசி உண்டு. அவற்றுக்கு வேண்டிய குளுக்கோஸும் ஆக்சிஜனும் பெரும்பாலும் மேலும் கீழும் உள்ள எலும்பிலிருந்து, ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாத குருத்தெலும்புத் தகட்டின் வழியே கசிந்துதான் உள்ளே போகின்றன.

இந்தக் கசிவை உயிருள்ள மனிதரிடம் பார்க்க முடியுமா? கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் முதுகெலும்பு அறுவை நிபுணர் எஸ்.ராஜசேகரனும் அவர் குழுவினரும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனை வைத்துப் பார்த்தார்கள். வலுவான காந்தப் புலத்துக்குள் ரேடியோ அலை பட்டதும், உடலிலுள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் நிலை மாறும். பழைய நிலைக்குத் திரும்பும்போது அவை தரும் சமிக்ஞைதான் படமாகிறது. கடோலினியம் மருந்தை ஊசியில் ஏற்றினால், அது போய்ச் சேர்ந்த இடத்தில் அந்தத் திரும்பல் வேகமாகி, படத்தில் அந்த இடம் பளிச்சென்று தெரியும்.

வழக்கமாக ஊசி போட்டுச் சில நிமிடங்களில் படமெடுத்து அனுப்பிவிடுவார்கள். கோவைக் குழுவோ அதே ஆளை மணிக்கணக்கில் திரும்பத் திரும்பப் படமெடுத்தது. சம்மதித்துப் படுத்தவர்களின் பொறுமையே பெரிது! எலும்புக்கு மருந்து சில நிமிடங்களில் வந்துவிட்டது. நல்ல டிஸ்க்கின் நடுப்பகுதிக்குப் போய்ச்சேர ஏறக்குறைய ஆறு மணி நேரம் பிடித்தது. தகடு சேதமான இடங்களில் இந்த ஒழுங்கு குலைந்திருந்தது. இடுப்பு முதுகெலும்பு ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் 2004இல் இந்த ஆய்வுக்குப் பரிசளித்தது.

அதே குழுவுக்கு 2013இல் மறுபடியும் அந்தப் பரிசு. டிஸ்க்கின் நடுப்பகுதியைச் சுற்றியுள்ள நார் வளையம் கிழிவதால்தான் உள்ளிருப்பது பிதுங்குகிறது என்றே அதுவரை பெரிதும் கருதப்பட்டது. டிஸ்க் பிதுங்கிய 181 பேரை எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. மூன்றிலும் பார்த்து, அறுவையின்போதும் சோதித்ததில் வேறு கதை வெளிப்பட்டது. 65 சதவீதத்தினருக்குத் தகடு எலும்போடு சேரும் இடமே பிய்ந்திருந்தது. வளையம் கிழிந்தவர்கள் 11 சதவீதம்தான். பிய்ந்து வந்த எலும்புச் சில்லுகளைக் காட்டிக்கொடுப்பதில் சி.டி.க்குத்தான் கண் கூர்மை.

ஸ்கேன் அறிக்கையில் ‘டிஸ்க் தேய்மானம்’ என்று பார்த்ததுமே பலருக்கு வலி கூடிவிடுகிறது. ஆனால் படத்தில் தேய்மானம் தெரிந்தாலே வலி இருக்கும் என்றில்லை: முதுகு வலியே இல்லாதவர்களின் படங்களைத் தொகுத்துப் பார்த்த 2015ஆம் ஆண்டு ஆய்வொன்றில், இருபது வயதினரில் 37 சதவீதம் பேருக்கும் எண்பது வயதினரில் 96 சதவீதம் பேருக்கும் அதே தேய்மானம் இருந்தது.