ஒரே ஆறு, இரண்டு ஊர்!

ஆற்று நீரைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றால், "தெளிவாகத்தானே ஓடுகிறது, சோதனை எதற்கு?" என்று கேட்போர் இருக்கிறார்கள். படித்தவர்களிலும் இருக்கிறார்கள், பதவியில் அமர்ந்தவர்களிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு எல்பே ஆற்றின் வரலாற்றை எடுத்துச் சொல்ல விரும்புகிறோம்.

ஜெர்மனியில், எல்பே ஆற்றங்கரையில், ஹாம்பர்க் என்றொரு துறைமுகப் பட்டினம். வணிகர்களும் கப்பல் முதலாளிகளும் கோலோச்சிய ஊர். அதை ஒட்டினாற்போல் ஆல்டோனா என்று மற்றோர் ஊர். தெருவின் இந்தப் பக்கம் ஹாம்பர்க், அந்தப் பக்கம் ஆல்டோனா என்னும் அளவுக்கு நெருக்கம். இரண்டு ஊராரும் குடித்தது ஒரே ஆற்றின் தண்ணீரைத்தான்.

1892 ஆகஸ்டில் ஹாம்பர்க்கில் காலரா புகுந்தது. வாணிபம் கெட்டுவிடுமே என்று ஊராண்டவர்கள் உண்மையை ஊரறியச் சொல்லத் தயங்கினார்கள். அவர்கள் தயங்கினார்கள், நோய் தயங்குமா? சில வாரங்களில் மாண்டவர்கள் 8,600 பேருக்கு மேல்! இடுக்குச் சந்துகளில் அடைந்து கிடந்த ஏழைகளே மிகுதியாகப் பலியானார்கள்.

பக்கத்து ஆல்டோனாவில்? நோய் கண்டவர்கள் சிலரே. அவர்களிலும் பலர் ஹாம்பர்க்குக்குப் போய் நோயை வாங்கி வந்தவர்கள்.

இங்கேதான் தோழர்கள் கவனிக்க வேண்டும். ஹாம்பர்க் தன் குடிநீரை ஊருக்கு மேற்புறத்தில் எடுத்தது. ஆல்டோனாவோ ஹாம்பர்க்கின் சாக்கடை முழுவதும் கலந்த பிறகு, கீழே எடுத்தது. கண்ணால் கண்டதை வைத்துக் கணக்குப் போட்டால், அழிந்திருக்க வேண்டியது ஆல்டோனாதான். அது ஏன் தப்பியது? 1859 முதல் அது ஆற்று நீரை மணல் வடிகட்டிகளில் விட்டுத் தூய்மை செய்துவந்தது. ஹாம்பர்க் வடிகட்டாத நீரையே குழாயில் விட்டது. கடல் ஏறும் நேரத்தில் ஊர்ச் சாக்கடை எதிர்த்திசையில் ஏறி, குடிநீர் எடுக்கும் இடத்தையே எட்டியது!

ஹாம்பர்க் எல்லைக்குள்ளேயே தொழிலாளர் குடியிருந்த ஒரு வளாகம். 300 பேருக்கு மேல் வாழ்ந்த இடம். அதற்குக் குழாய் மட்டும் ஆல்டோனாவிலிருந்து வந்தது. சுற்றிலும் சாவு, அங்கே மட்டும் காலரா இல்லை. காற்றும் ஒன்று, மண்ணும் ஒன்று, வறுமையும் ஒன்று. மாறியிருந்தது தண்ணீர் மட்டுமே!

பணக்கார ஹாம்பர்க்குக்கு வடிகட்டி கட்டக் காசில்லையா? இருந்தது. செலவை யார் தலையில் கட்டுவது என்று ஆண்டுக்கணக்கில் வாதாடினார்கள். வீட்டுச் சொந்தக்காரர்கள் கை ஓங்கிய மன்றம் அது. உழைப்பவர்களில் பெரும்பாலோருக்கு அங்கே ஓட்டே கிடையாது. தீர்மானம் ஒருவழியாக நிறைவேறி, வேலை தொடங்கி, முடியுமுன் காலரா முந்திக்கொண்டது. வடிகட்டி ஓடத் தொடங்கியது 1893இல், ஆயிரமாயிரம் பேரைப் புதைத்த பிறகு!

ஆராய்ந்து உண்மையை உரைத்தவர் ராபர்ட் கோக். 1884இல் கல்கத்தாவில் காலராக் கிருமியை ஆராய்ந்த அதே அறிஞர். அவர் கையாண்ட முறை எளியது. ஒரு சி.சி. நீரைக் கூழ் போன்ற ஊட்டப் பொருளில் கலந்து வைத்தால், கண்ணுக்குத் தெரியாத கிருமி ஒவ்வொன்றும் பெருகிப் புள்ளியாகத் தெரியும். புள்ளிகளை எண்ணினால் கணக்குக் கிடைத்துவிடும். வடிகட்டிய நீரில் சி.சி.க்கு 100க்கு மேல் இருந்தால் ஊருக்கு விடாதே என்றார்.

வடிகட்டி இருந்தால் மட்டும் போதுமா? போதாது என்பதையும் ஆல்டோனாவே காட்டியது. 1893 தொடக்கத்தில், கடுங்குளிரில் துப்புரவு செய்தபோது வடிகட்டியின் மணல் உறைந்து பழுதானது. பழுது வெளியே தெரியவில்லை. ஆனால் கிருமிக் கணக்கு 100ஐத் தாண்டி, ஆயிரத்தையும் தாண்டியது. பின்னாலேயே காலரா வந்தது. எண் முதலில் எச்சரித்தது, எச்சரிக்கையைக் கேட்க ஆள் இல்லை! அதனால்தான் ஒவ்வொரு வடிகட்டியின் நீரையும் நாள்தோறும் சோதிக்கச் சொன்னார் கோக்.

இன்றைய சோதனை இன்னும் கூர்மையானது. மனிதக் குடலில் வாழும் ஈ.கோலி என்னும் கிருமியைத் தேடுகிறார்கள். 1885இல் எஷ்சரிச் என்னும் மருத்துவர் கண்டறிந்தது அது. அது நீரில் இருந்தால் மலம் கலந்திருக்கிறது என்று பொருள். காலரா, டைபாய்டு கிருமிகளும் அதே வழியில் வரக்கூடும்.

நம் நாட்டிலும் விதி இருக்கிறது. குடிநீரில் 100 மில்லியில் ஒரு ஈ.கோலிகூட இருக்கக் கூடாது. ஆற்றில் குளிக்கும் துறையில், மலத்தால் வரும் கோலிபார்ம் கிருமி 100 மில்லிக்கு 500க்குள் இருப்பது விரும்பத்தக்கது. 2,500ஐத் தாண்டவே கூடாது. பெரிய ஆய்வுக்கூடம் இல்லாத ஊருக்கும் வழி உண்டு. மருந்து வைத்த சிறு புட்டியில் தண்ணீரை ஊற்றி, ஓரிரு நாள் வைத்தால், மாசுபட்ட நீர் கறுத்துவிடும். கறுத்தால் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி எண்ணிக்கை கேட்கலாம்.

விதி ஏட்டில் இருந்து பயனென்ன? சோதித்த எண் கோப்பில் உறங்கினால் பயனென்ன? ஆற்றில் குளிப்பவனும் துணி துவைப்பவளும் அதை அறிய வேண்டாமா?

எனவே தோழர்களே, ஊராட்சியிலும் நகராட்சியிலும் நாம் கேட்க வேண்டியவை மூன்று. நம் ஆற்று நீரைக் கடைசியாகச் சோதித்தது எந்த நாள்? வந்த எண் என்ன? எண் மிகுந்தபோது எந்தச் சாக்கடையை அடைத்தீர்கள்? விடையைக் குளிக்கும் துறையிலே பலகையில் எழுதி வைக்கச் சொல்வோம்.

ஹாம்பர்க்கின் ஏழைக்குக் கேட்க உரிமை இல்லை, செத்தான். நமக்கு ஓட்டு இருக்கிறது, வாய் இருக்கிறது. கேட்போம்!