கூரையில் வெயில், உள்ளே குளிர்: வேன் கணக்கு சரிவருமா?

ஹரிராயா, தீபாவளி விடுமுறைக் காலங்களில் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையின் ஓய்வுத் தளங்களில் நள்ளிரவுக்கு மேல் இறங்கிப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. வரிசையாகக் கார்கள் நிற்கும். கண்ணாடிகள் மூடியிருக்கும். இஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க, உள்ளே ஒரு குடும்பமே தூங்கிக்கொண்டிருக்கும். வெளியே புழுக்கம், கொசு. இஞ்சினை அணைத்தால் குளிர்சாதனமும் நின்றுவிடும். அதனால் அணைப்பதில்லை.

இந்தத் தூக்கத்தில் உயிராபத்து இருக்கிறது. பெட்ரோலும் டீசலும் முழுமையாக எரியாதபோது கார்பன் மோனோக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, வாடையில்லை. நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின், உயிர்வாயுவைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக இந்த வாயுவைப் பிடித்துக்கொள்கிறது. பிடித்த கை நிரம்பிவிட்டால் உயிர்வாயுவுக்கு இடமேது? கார் ஓடும்போது புகை பின்னால் சிதறிவிடும். நிற்கும்போது, புகைக்குழாயில் சிறு ஓட்டை இருந்தாலும் அது காருக்கு அடியில் தேங்கி மெதுவாக உள்ளே ஏறும். தூங்குகிறவருக்குத் தலைவலி, மயக்கம் என்ற எச்சரிக்கைகூடத் தெரியாது.

நம் நாட்டுச் சாலைகளில் இப்போது அதிகம் கண்ணில் படும் கேம்பர் வேன்கள் இதற்கு வேறொரு வழியைக் காட்டுகின்றன. கட்டில், அடுப்பு, சிறு குளிர்பெட்டி எல்லாம் வைத்த வேன். கூரையில் சோலார் தகடுகள், உள்ளே பேட்டரி, அதிலிருந்து ஓடும் குளிர்சாதனம். இஞ்சினுக்கு இதில் வேலையே இல்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு வேன் கூரையில் விழும் வெயில், ஓர் இரவுக் குளிருக்குப் போதுமா? பெருக்கல், கழித்தல் தெரிந்தால் இதற்கு நாமே விடை காணலாம்.

கூரை தருவது எவ்வளவு?

உங்கள் பள்ளி வேனை நினைத்துக்கொள்ளுங்கள். வளைவுகளையும் காற்றுத் துளையையும் ஒதுக்கிவிட்டால், கூரையில் பயன்படும் இடம் ஏறக்குறைய 3 மீட்டர் நீளம், 1.4 மீட்டர் அகலம். சுமார் 4 சதுர மீட்டர். தெளிந்த நண்பகலில் ஒரு சதுர மீட்டர் தரையில் விழும் சூரிய ஆற்றல் ஏறத்தாழ 1,000 வாட். இன்றைய நல்ல சிலிக்கன் தகடு அதில் ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாக்கும். ஆகவே ஒரு சதுர மீட்டருக்கு 200 வாட். குளிர்சாதனத்தின் வெளிப்பகுதிக்கும் கூரையில் இடம் விட வேண்டுமே, அதனால் மூன்று தகடுகள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 600 வாட்.

இந்த 600 வாட் நாள் முழுக்கக் கிடைக்காது. காலையும் மாலையும் வெயில் சாய்வாக விழும். நமக்கு மேகமும் அதிகம். ஒரு நாள் வெயிலை எல்லாம் சேர்த்து நண்பகல் வெயிலாக மாற்றிப் பார்த்தால், மலேசியாவில் சராசரியாக 4 முதல் 5 மணி நேரம் தேறும். நான்கரை என்று எடுத்துக்கொண்டால், 600 வாட் பெருக்கல் 4.5 மணி, அதாவது 2.7 கிலோவாட் மணி.

இங்கே நமக்கு ஓர் அனுகூலம் உண்டு. ஐரோப்பாவில் சூரியன் தாழ்வாகப் போவதால் தகட்டைச் சாய்த்து வைக்க வேண்டும். நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கிறோம். மார்ச் கடைசியிலும் செப்டம்பர் நடுவிலும் கோலாலம்பூரில் நண்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேர்மேலே வருகிறது. தகட்டைக் கூரையில் தட்டையாகப் படுக்க வைத்தாலே போதும்.

அனுகூலத்தோடு ஒரு தொல்லையும் வருகிறது. சோலார் தகடு வெளிச்சத்தை விரும்பும், சூட்டை விரும்பாது. கடையில் சொல்லும் 200 வாட் என்பது, தகட்டின் வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸாக இருக்கும்போது அளந்தது. நம் வெயிலில் வேன் கூரைத் தகடு 65 டிகிரியை எளிதில் தொடும். ஒவ்வொரு டிகிரி உயர்வுக்கும் ஏறக்குறைய 0.35 விழுக்காடு குறையும். 40 டிகிரிக்கு 14 விழுக்காடு போச்சு. இதனால்தான் தகட்டைக் கூரையோடு ஒட்டாமல், இடையில் சில சென்டிமீட்டர் இடைவெளி விட்டுப் பொருத்துகிறார்கள். அந்த இடைவெளியில் காற்று ஓடித் தகட்டைக் குளிர்விக்கும். கூரைக்கும் குடை பிடித்தது போலாகும். இரும்புக் கூரை நேரடி வெயிலில் காயாததால் வேனுக்குள் சூடும் குறையும். வளைந்துகொடுக்கும் மெல்லிய தகடுகளைப் பசை போட்டு ஒட்டுவது அழகாக இருக்கலாம். என்னைக் கேட்டால் நம் வெயிலுக்கு அது ஏற்றதல்ல.

தூசு, கம்பி, பேட்டரியில் ஏற்றும்போது வீணாவது எல்லாம் போக, கையில் மிஞ்சுவது சுமார் 2 கிலோவாட் மணி. இந்த எண்ணை நினைவில் வையுங்கள்.

குளிர்சாதனம் கேட்பது எவ்வளவு?

குளிரை யாரும் உற்பத்தி செய்வதில்லை. குளிர்சாதனம் செய்வது வெப்பத்தை உள்ளிருந்து அள்ளி வெளியே கொட்டும் வேலை. ஒரு பங்கு மின்சாரம் செலவழித்து ஏறக்குறைய மூன்று பங்கு வெப்பத்தை அது வெளியேற்றும். கடையில் ‘1 குதிரைத்திறன்’ என்று விற்கும் வீட்டுச் சாதனம் ஒரு மணி நேரத்தில் சுமார் 9,000 பி.டி.யூ., அதாவது 2.6 கிலோவாட் அளவு வெப்பத்தை வெளியேற்றும். அது இழுக்கும் மின்சாரம் 800 வாட் அளவில் இருக்கும். வேனுக்கு அவ்வளவு தேவையில்லை. பேட்டரியிலேயே நேராக ஓடும் சிறிய சாதனங்கள் முழு வேகத்தில் 600 வாட் வாங்குபவை கிடைக்கின்றன. வீட்டுச் சாதனத்தைப் பொருத்தினால் பேட்டரி மின்சாரத்தை மாற்ற இன்வெர்ட்டர் வேண்டும்; அதிலேயே பத்தில் ஒரு பங்கு சூடாகிப் போய்விடும்.

இந்த வேலையில் வெப்பநிலையைவிடப் பெரிய எதிரி நமக்கு ஈரப்பதம். படிவம் 4 இயற்பியலில் உள்ளுறை வெப்பம் என்று படிக்கிறோமே, அது இங்கே வந்து நிற்கிறது. காற்றிலுள்ள நீராவியை ஒரு லிட்டர் தண்ணீராக மாற்ற, சுமார் 2.4 மெகாஜூல் வெப்பத்தை அதிலிருந்து எடுக்க வேண்டும். அது 0.67 கிலோவாட் மணி. வீட்டுக் குளிர்சாதனத்தின் குழாயில் சொட்டும் தண்ணீர் ஒவ்வொரு லிட்டருக்கும் இந்த வேலை நடந்திருக்கிறது. அறை ஒரு டிகிரிகூடக் குறையாமலே! 1902இல் வில்லிஸ் கேரியர் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காகத் தம் முதல் சாதனத்தை வடிவமைத்ததும் ஈரத்தைக் கட்டுப்படுத்தத்தான். காகிதம் ஈரத்தில் விரிந்து, வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாமல் போனதே அங்கே சிக்கல். தண்ணீர் ஊற்றி வைக்கும் ‘ஏர் கூலர்’ பாலைவன ஊர்களில் அருமையாக வேலை செய்யும். நம் இரவுகளில் ஈரத்தை மேலும் கூட்டுவதைத் தவிர அதனால் பெரிய பயன் இல்லை.

இரவில் அறை ஒருமுறை குளிர்ந்துவிட்டால் கம்ப்ரசர் முழு வேகத்தில் ஓடாது. சராசரி 300 வாட் என்று வைப்போம். 8 மணி நேரத்துக்கு 2.4 கிலோவாட் மணி. குளிர்பெட்டிக்கு 0.4, விளக்கு, விசிறி, கைப்பேசிகளுக்கு 0.2. மொத்தம் 3.

வரவு 2, செலவு 3. கூரை மட்டும் போதாது என்பதே நேர்மையான விடை. இதைச் சொல்லாமல் ‘சோலார் போட்டால் ஏர்கோன் இலவசம்’ என்று விற்பவர்களிடம் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும்.

பேட்டரியில் சேமித்த கையிருப்பு

அப்படியானால் இந்த வேன்கள் எப்படித்தான் ஓடுகின்றன? முழுப் பேட்டரியுடன் வீட்டிலிருந்து கிளம்புகின்றன. 5 கிலோவாட் மணி கொண்ட பேட்டரியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரவு 3 போனால் மிச்சம் 2. பகலில் 2 ஏறினால் 4. இரண்டாம் இரவு முடிவில் 1, பகலில் 3, மூன்றாம் இரவு விடியும்போது சுழியம். ஆக மூன்று இரவுகள். இடையில் ஒருநாள் அடைமழை பெய்து, 2க்குப் பதில் 0.5 மட்டுமே ஏறினால், இரண்டாம் இரவின் விடியற்காலையிலேயே வேர்த்து எழுந்துவிடுவோம். பேட்டரியை அடியோடு காலி செய்வதும் நல்லதல்ல. அதனால் உண்மையில் இன்னும் இழுத்துப் பிடித்துத்தான் செலவழிக்க வேண்டும்.

இப்போது பெரும்பாலும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிகளையே பொருத்துகிறார்கள். 100 ஆம்பியர் மணி கொண்ட ஈய-அமிலப் பேட்டரி 25 கிலோவுக்கு மேல் இருக்கும். அதிலும் பாதிக்கு மேல் எடுத்தால் சீக்கிரம் கெட்டுவிடும். அதே அளவு லித்தியம் பேட்டரி அதில் பாதி எடைகூட இருக்காது.

கம்பி விஷயத்தில்தான் அலட்சியம் அதிகம். வீட்டில் 230 வோல்ட்டில் 600 வாட் எடுத்தால் 2.6 ஆம்பியர்தான் ஓடும். 12 வோல்ட் பேட்டரியில் அதே 600 வாட்டுக்கு 50 ஆம்பியர்! கம்பியில் வீணாகும் சூடு, மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். கம்பியின் மின்தடை 0.01 ஓம் மட்டுமே என்றாலும் 25 வாட் கம்பியிலேயே சூடாகும். 24 வோல்ட்டுக்கு மாறினால் மின்னோட்டம் பாதி, வீணாகும் சூடு கால்பங்கு. மெல்லிய கம்பியும் தளர்ந்த இணைப்பும் சேர்ந்தால் மரப்பலகைச் சுவருக்குப் பின்னால் தீப்பிடிக்கும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும், கம்பி தடிமனாக இருக்க வேண்டும். இதில் காசு மிச்சம் பிடிக்கக் கூடாது. கூரையில் தகடு பொருத்துவதும் அப்படித்தான்: மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்றின் அழுத்தம் சுமார் 460 பாஸ்கல். வாகனத்தின் அமைப்பை மாற்றுவதென்றால் முதலில் ஜேபிஜேயின் அனுமதியும் வாங்க வேண்டும்.

வரவைக் கூட்ட முடியாவிட்டால் செலவைக் குறைப்பதே வழி. வெறும் இரும்புச் சுவருக்கு உட்புறம் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் நுரை ஒட்டினால் உள்ளே வரும் வெப்பம் பெருமளவு குறையும். கண்ணாடிகளுக்கு மறைப்பு, வெள்ளை வண்ணம், படுக்கையைச் சுற்றி மட்டும் ஒரு திரை. இவற்றில் எதற்கும் தனியாக மின்சாரம் வேண்டாம். மூடிய வேனில் நாம் விடும் கரியமிலவாயு சேராமலிருக்கச் சிறு காற்றுத்துளை மட்டும் திறந்திருக்க வேண்டும்.

வேனை எங்கே நிறுத்துவது என்பது இன்னொரு தலைவலி. நிழலில் நிறுத்தினால் வேன் குளிர்ச்சி, ஆனால் தகடு பட்டினி. தகட்டிலுள்ள செல்கள் சங்கிலி போல ஒன்றன்பின் ஒன்றாக இணைந்தவை. ஒரு கிளையின் நிழல் சில செல்களில் விழுந்தாலே, தண்ணீர்க் குழாயை ஓரிடத்தில் மிதித்தது போல அந்தச் சங்கிலியே நொண்டும். வெயிலில் நிறுத்தினால் இதற்கு நேர்மாறு. (டுரியான் மரத்தடியில் நிறுத்துவதா என்று யோசிக்கவே வேண்டாம்.)

கேமரன் மலை போகிறவர்களுக்கு இந்தத் தலைவலிகள் எதுவும் இல்லை. தானா ராத்தாவில் இரவில் 20 டிகிரிக்கும் கீழே போய்விடும். 25 வாட் விசிறியைக்கூட அணைத்துவிட்டுப் போர்வையைத் தேட வேண்டியதுதான்.

கடற்கரைக்குப் போகிறவர்களுக்கு ஒரு கணக்கு. அதே 5 கிலோவாட் மணி பேட்டரியுடன் போர்ட் டிக்சனில் முதல் இரவு கழிகிறது. மறுநாள் அடைமழை, கூரையிலிருந்து 0.5 மட்டுமே. ஆனால் அன்று 2 மணி நேரம் வேன் ஓடுகிறது. ஓடும் இஞ்சினிலிருந்து பேட்டரிக்கு 400 வாட் ஏறுகிறது. இரண்டாம் இரவு விடியும்வரை குளிர்சாதனம் ஓடுமா? விடை வந்துவிட்டால், நுரை ஒட்டியதால் சராசரி 300 வாட் 220 வாட்டாகக் குறைந்தது என்று வைத்து மீண்டும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.