உப்புக்காற்றில் ஒரு பழைய சொகுசு வண்டி

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையால் அறியப்பட்ட நெம்மேலி போன்ற கிழக்குக் கடற்கரைச் சாலை ஊர்களில், பயன்படுத்திய சொகுசு எஸ்.யு.வி. வாங்க விரும்புவோர் சரிந்துவிட்ட விற்பனை விலையைப் பார்க்கிறார்களே தவிர, உதிரிப் பாகங்களின் விலை வண்டியின் வயதோடு சேர்ந்து சரிவதில்லை என்பதை எண்ணுவதில்லை. ரேஞ்ச் ரோவர், ஆடி கியூ7 போன்றவற்றின் பல மாடல்களில் இரும்புச் சுருள்வில்லுக்குப் பதிலாகக் காற்று நிரப்பிய ரப்பர் பைகளே வண்டியைத் தாங்குகின்றன. ஏர் சஸ்பென்ஷன் எனப்படும் இவ்வமைப்பில், நாள்பட்ட ரப்பர் மடிப்புகளில் மயிரிழை போன்ற வெடிப்புகள் விழ, கசியும் காற்றை ஈடுகட்டக் கம்ப்ரசர் அடிக்கடி ஓடி, இறுதியில் தானும் பழுதாகிவிடுகிறது. இரவில் சமமாக நின்ற வண்டி விடிந்ததும் ஒரு மூலையில் தாழ்ந்து கிடப்பது இதன் தெளிவான அறிகுறி.

கடலோரத்தில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்வதால், அடிப்பாகம் துருப்பிடிப்பதோடு, மின்னிணைப்புகளின் செம்பு முனைகளில் பச்சைப் படிவு ஏறி, சென்சார்கள் தவறான எச்சரிக்கை தரத் தொடங்குகின்றன. இக்கோளாறைத் தேடிக் கண்டுபிடிக்கும் கூலியே சில வேளைகளில் பாகத்தின் விலையை மிஞ்சிவிடும். 2015 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட இப்பகுதியில், நீரில் மூழ்கிய வண்டியா என்பதையும் சோதிப்பது கட்டாயம்: சீட் பெல்ட்டை முழுவதுமாக இழுத்தால், உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக்கறை தெரியலாம்.

முன்பணம் கொடுப்பதற்கு முன், பணிமனையில் வண்டியை உயர்த்தி அடிப்பாகத்தைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.