வீட்டுப்பாடம் எதுவரை?

1989-ஆம் ஆண்டில் மாநிலங்களவையின் நியமன உறுப்பினராயிருந்த எழுத்தாளர் ஆர்.கே. நாராயண், சபையில் தாம் நிகழ்த்திய முதல் சொற்பொழிவில், பேசுவதற்கு வேறு பெரிய விஷயங்கள் எத்தனையோ இருக்க, முதுகு வளையப் புத்தகப் பை சுமந்து செல்லும் சிறுவர்களைப் பற்றியும், விளையாடப் பொழுதில்லாமலே கழிந்துபோகும் அவர்களுடைய பால்யத்தைப் பற்றியும் பேசினார். பின்னர் இதே கவலையை ஆராய அமைக்கப்பட்ட பேராசிரியர் யஷ்பால் குழு, தன்னைச் சுற்றியுள்ளவற்றைக் கண்டறியுமாறு குழந்தையைத் தூண்டுவதைத் தவிர ஆரம்ப வகுப்புகளுக்கு வேறு வீட்டுப்பாடம் கூடாதென்று 1993-இல் சிபாரிசு செய்தது. இத்தனை ஆண்டுகள் கடந்தும், பள்ளி முடிந்த பிறகு வீட்டிலும் பள்ளி நடக்கத்தான் வேண்டுமா என்ற கேள்வி நம் பெற்றோர்களை விட்டு நீங்கவில்லை.

அப்பியாசமில்லாத வித்தை நிலைக்காது என்பதில் எவருக்கும் சந்தேகமிராது. குருவிடம் கேட்ட வர்ணத்தை வீட்டில் சாதகம் செய்யாதவனுக்குச் சங்கீதம் கைகூடாததுபோல, வகுப்பில் நன்றாக விளங்கிய கணக்கும், போட்டுப் பார்க்காவிட்டால் சில தினங்களில் மறந்துபோகிறது. மனனம் செய்தவை எவ்வளவு விரைவில் நினைவை விட்டு அகலுகின்றன என்பதைத் தம்மையே பரிசோதித்து ஆராய்ந்து, ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-இலேயே நூலாக வெளியிட்டார். ஆதலால் வீட்டுப்பாடத்தை அடியோடு ஒழித்துவிட வேண்டும் என்ற வாதம் எனக்கு உடன்பாடன்று.

ஆயினும் அதன் பயன் எல்லா வயதிலும் ஒரே அளவாகக் கிட்டுவதில்லை. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரிஸ் கூப்பரும் அவருடைய சகாக்களும், அந்நாட்டில் பல ஆண்டுகளாக நடந்த ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2006-இல் வெளியிட்ட முடிவின்படி, ஏழாம் வகுப்பிலும் அதற்கு மேலும் பயிலும் மாணவர்களிடத்தில் வீட்டுப்பாடத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள தொடர்பு வலுவாகத் தென்படுகிறது. அதற்குக் கீழே அது மிகவும் மெலிந்துவிடுகிறது. பிரான்சு தேசம் 1956-லேயே ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வீட்டில் எழுத்து வேலை கொடுப்பதைத் தடை செய்ததும் கவனிக்கத்தக்கது.

நம் வீடுகளில் நடப்பது என்ன? மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, பாடத்தின் பின்னுள்ள வினாக்களுக்குக் கரும்பலகையில் எழுதிப் போட்ட விடைகளையே, விரல் வலிக்க ஐந்து முறை எழுதுகிறாள். மூன்றாம் முறையிலேயே அவளுடைய கண் வார்த்தைகளைப் பார்ப்பதை விட்டு, இன்னும் எத்தனை வரி மிச்சம் என்று எண்ணத் தொடங்கிவிடுகிறது. ‘புராஜெக்ட்’ என்றால், இரவு பத்து மணிக்குத் தாயார் தெர்மாகோலை வெட்டிச் சாயம் பூச, தகப்பனார் கடையில் வாங்கிய படங்களை ஒட்ட, குழந்தையோ பக்கத்திலேயே தூங்கிவிடுகிறது. மறுநாள் கிடைக்கும் மதிப்பெண் யாருடையது?

இதனினும் பெரிய அநியாயம் ஒன்று உண்டு. வீட்டுப்பாடம் என்று சொல்லும்போதே, அமர்ந்து எழுத இடமும், விளக்கும், சந்தேகம் கேட்டால் சொல்லித்தரப் படித்த பெரியவர் ஒருவரும் எல்லார் வீட்டிலும் உண்டென்று நாம் அனுமானித்துக்கொள்கிறோம். ஒற்றை அறையில் ஐவர் வசிக்கும் வீட்டில், வேலை முடிந்து களைத்து வரும் பெற்றோருக்குச் சமையலில் கைகொடுத்து, தம்பியையும் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு அந்த வசதி ஏது? எழுதாமல் வந்ததற்காக அவளை வெளியே நிறுத்துவது, அவளுடைய வறுமைக்கு அவளையே தண்டிப்பதாகும். பெருந்தொற்றுக்குப் பின் 2021-இல் தமிழக அரசு தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’, தன்னார்வலர்களைக் கொண்டு மாலை வேளையில் பிள்ளைகளின் குடியிருப்புகளுக்கு அருகிலேயே கற்பித்தது. பாடத்தைக் கொடுத்தால் மட்டும் போதாது, பக்கத்தில் ஆளும் வேண்டும் என்பதை அத்திட்டம் உணர்ந்திருந்தது.

விதிகளுக்கும் குறைவில்லை. சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் 1, 2-ஆம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாதென்று சென்னை உயர்நீதிமன்றம் 2018-இல் உத்தரவிட்டது. மத்திய அரசின் 2020-ஆம் ஆண்டுப் புத்தகப் பைக் கொள்கையும் இரண்டாம் வகுப்பு வரை அதை விலக்கி, 3 முதல் 5 வரை வாரத்துக்கு 2 மணி நேரம், 6 முதல் 8 வரை நாளொன்றுக்கு 1 மணி நேரம், அதற்கு மேல் 2 மணி நேரம் என உச்ச வரம்பு வகுத்தது. ஆனால் ஆறு ஆசிரியர்கள் ஒருவரையொருவர் கலந்துகொள்ளாமல் ஆளுக்கு அரைமணி வேலை கொடுத்தால், மாணவன் தலையில் மூன்று மணி நேரம் விழுகிறதல்லவா?

கொடுத்த பாடத்தைப் பார்ப்பதும் கொடுத்தவரின் கடமையே. 40 நோட்டுகளை, ஒன்றுக்கு மூன்று நிமிஷம் வைத்துத் திருத்தினாலும் இரண்டு மணி நேரமாகும். அந்த அவகாசம் வாய்க்காத ஆசிரியர் சிவப்பு மையில் ஒரு ‘டிக்’ அடித்துக் கையெழுத்திட்டு அனுப்பிவிட, தவறாகப் போட்ட கணக்கு தவறாகவே மாணவன் மனத்தில் ஊன்றிவிடுகிறது.

ஆகவே என் அபிப்பிராயம் இதுதான்: சிறு குழந்தைகளின் மாலைப்பொழுதை அவர்களிடமே விட்டுவிட வேண்டும்; நடு வகுப்புகளில், பிறர் உதவியின்றிப் பிள்ளை தானே செய்து முடிக்கக்கூடிய சொற்ப வேலை போதும்; மேல் வகுப்புகளில் அப்பியாசம் அவசியம், அதற்கும் வரம்பு அவசியம். ஆசிரியப் பெருமக்களே, திருத்த இயலாத வீட்டுப்பாடத்தைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள். பெற்றோர்களே, பிள்ளைக்குப் பதிலாக நீங்கள் அதை எழுதித் தராதீர்கள்.